அணைக்கட்டுக்கு எந்த கேமரா

ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டை ஒவ்வொரு தமிழ் மாதமும் முதல் தேதி காலையில் ஒரே இடத்தில் நின்று படம் எடுத்து வருகிறேன். ஆற்றில் தண்ணீர் ஏறுவதையும் இறங்குவதையும் வரிசையாகப் பார்க்கத்தான். என்னுடையது புதிதாகத் தொடங்குபவர்களுக்கான சின்ன மிரர்லெஸ் கேமரா. திருநெல்வேலியில் கல்யாணப் படம் எடுக்கும் நண்பர், தன்னுடைய தொழில்முறை கேமராவை விற்கப்போவதாகச் சொல்லி, எடுத்துப் பார்க்கக் கொடுத்தார்.

ஐப்பசி முதல் தேதி இரண்டாலும் எடுத்தேன். பெரியது கைக்குக் கனம். ஆனால் மதகின் நிழலுக்குள் ஒவ்வொரு கல்லும் தெரிந்தது. என்னுடையதில் அந்த இடம் வெறும் கறுப்பு. வாங்கிவிடலாம் என்றே நினைத்தேன்.

நண்பரின் கடையில் புரட்டாசிப் படத்தின் பக்கத்தில் பெரிய கேமராவின் ஐப்பசிப் படத்தை வைத்தேன். அவர் மாறி மாறிப் பார்த்தார்.

“ஆத்துல தண்ணி கூடிருக்கா, இல்ல கேமரா மாறிருக்கா வே?”

பெரியது அகலமாகப் பார்ப்பதால் அக்கரை தள்ளிப்போயிருந்தது. படத்தின் ஓரங்களை வெட்டி அதைச் சரிசெய்யலாம். தண்ணீரின் நிறமும் வேறாக இருந்தது. அதே காலையில் சின்ன கேமராவில் எடுத்ததையும் வைத்த பிறகுதான், தண்ணீர் கூடவில்லை என்று தெளிவானது. பெரியதை வாங்கினால் இத்தனை நாள் எடுத்தவை, இனி எடுப்பவற்றோடு ஒப்பிட முடியாமல் தனியாக நின்றுவிடும். திருப்பிக் கொடுத்தேன்.

“நல்ல கேமராவ வேண்டாம்னு சொல்லுத ஆள இன்னைக்குத்தான் பாக்கேன்” என்றார்.

கார்த்திகை முதல் தேதி தூறல். பெரியது அதைத் தாங்கியிருக்கும். சின்னதைப் பிளாஸ்டிக் பையால் மூடி, லென்ஸை மட்டும் வெளியே விட்டு எடுத்தேன். மதகின் உட்புறம் வழக்கம்போல் வெறும் கறுப்பாக விழுந்திருந்தது. தண்ணீர் கூடியிருந்தது.