போகிறவர்கள் போட்ட ஐந்து வருடத் திட்டம்

ஃபிஜியில் ஆட்சிக் கவிழ்ப்பு முடிந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. நாடி நகரத்து ஹோட்டல்கள் ஈயோட்டிக்கொண்டிருந்தன. அவற்றுக்குச் சாமான் அனுப்பும் எங்கள் கம்பெனி முதலாளிக்கோ அப்போதுதான் புதுக் கம்ப்யூட்டர் ஆசை வந்தது. நாடி, லம்பாசா, சவுசவு என்று மூன்று ஊர்க் கிளைகளின் சரக்கும் ஒரே திரையில் தெரிய வேண்டுமாம். கம்பெனியில் கம்ப்யூட்டர் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

"மொதல்ல கம்பெனி எந்தப் பக்கம் போவுதுன்னு எல்லாரையும் கேளும்மா. அதுக்கு ஏத்த மெஷின வாங்கலாம்" என்றார். நியாயமான பேச்சு. ஐந்து வருடத் திட்டம் கேட்டு ஒவ்வொருவரிடமாகப் போனேன்.

லம்பாசா மேனேஜர், "கரும்பு எப்பிடி வருதுன்னு பாப்போம்" என்றார். கணக்குப் பிரிவில் இருந்தவர், "இப்ப என்ன அவசரம்?" என்றார். நாடி விற்பனையைக் கவனித்தவர் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தார். சவுசவு சின்னக் கிளை, கொப்பரைக்காரர்களும் படகுக்காரர்களும் வரும் கடை. அங்கே நான் போகவில்லை. போனில் சரக்குக் கணக்கு மட்டும் கேட்டுக்கொண்டேன்.

மற்றவர்கள் ஏன் மழுப்புகிறார்கள் என்று எனக்குத் தெரியாமலா? கவிழ்ப்புக்குப் பிறகு எங்கள் இந்திய வம்சாவளிக்காரர்கள் பலரும் வெளிநாட்டில் குடியேறப் பேப்பர் போட்டிருந்தார்கள்; போட்டவர்கள் விமானம் ஏறும்வரை வாய் திறப்பதில்லை. கண் பட்டால் விசா நின்றுவிடும் என்று பயம். பக்கத்து வீட்டில் சோபாவை விற்றால்தான் அவர்கள் கிளம்புவது நமக்குத் தெரியும். என் கணவரும் நியூசிலாந்துக்குப் பேப்பர் போட்டிருந்தார். நானும் மூச்சு விடவில்லை.

ஆனால் மெஷின் வந்தால் அதை ஓட்ட நான் வேண்டும். நான் போய்விட்டால் அது வெறும் பெட்டி. சொல்லிவிட்டு விசாவும் வராமல் போனால், வேலையும் போய் இரண்டு பிள்ளைகளோடு நடுத்தெருவில் நிற்க வேண்டும். அதற்குள் கூட்டத்துக்கும் நாள் குறித்துவிட்டார்கள்.

கூட்டம் வழக்கம்போல ஃபிஜி இந்தியில் நடந்தது. சவுசவு மேனேஜரும் கப்பலேறி வந்திருந்தார். என் வயதுடைய, பூர்வகுடி ஃபிஜியப் பெண். நான் விளக்கி முடித்ததும் முதலாளி ஒரே ஒரு கேள்வி கேட்டார். இந்தத் திரையை ஆக்லாந்திலிருந்து பார்க்க முடியுமா?

அப்படியானால் முதலாளியும் கிளம்புகிறார். அதற்குத்தான் மெஷின்.

என்னைப் பார்த்துத் தமிழில், "நீ இங்க இருக்கேல்ல, நீ பாத்துக்குவ" என்றார்.

பயத்தில் எனக்கும் தமிழ்தான் வந்தது. "அண்ணே, எங்க பேப்பரும் போயிருக்கு."

கணக்குப் பிரிவுக்காரருக்குத் தமிழ் தெரியாது. எல்லோருக்கும் புரியும்படி சொல்லச் சொன்னார் முதலாளி. இந்தியில் மறுபடி சொன்னேன். இப்போதே வேலையை விட்டு நிறுத்திவிடுவார் என்று நினைத்தேன். அதற்குள் கணக்குப் பிரிவுக்காரர், தானும்தான் என்றார், கனடாவுக்கு. லம்பாசா மேனேஜர் தலையைக் குனிந்துகொண்டார். நாடிக்காரர் மறுபடியும் ஜன்னலைப் பார்த்தார்.

முதலாளி கடைசியாகச் சவுசவு மேனேஜரைப் பார்த்தார். "நீ?"

"நான் எங்கே போவது?" என்றார் அவர். அதில் கோபம் இல்லை. எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "உனக்கு எப்போது விசா வரும்?"

"தெரியாது."

"அப்படியானால் நாளைக்கே சொல்லிக்கொடுக்க ஆரம்பி. நீங்கள் எல்லோரும் போன பிறகு அந்தத் திரைக்கு முன்னால் உட்காரப்போவது நான்தான். என் கடைக்கு என்ன வேண்டும் என்றும் எழுதிக்கொள்."

பேனாவை எடுத்தேன். விசா வராமல் போய்விடுமோ என்று அத்தனை நாள் பயந்துகொண்டிருந்த எனக்கு, அவருக்குச் சொல்லிக்கொடுத்து முடிப்பதற்குள் வந்துவிடுமோ என்ற பயம் அன்றுதான் முதல்முறையாக வந்தது.