வாய் மூடாத பிள்ளை

காலையில் கண் விழிக்கும்போது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். உதட்டோரம் வெடித்து, தொண்டை மண் தின்றதுபோல் கரகரக்க, ஒரு குவளைத் தண்ணீர் குடித்த பிறகுதான் என்னால் பேசவே முடியும். இரவும் பகலும் நான் வாயால்தான் மூச்சு விட்டேன். காஜா பேராங் என்ற எங்கள் பேட்டையில் பலகை வீட்டு வரிசைப் பிள்ளைகள் என்னை "ஈப்பிடிச்சி" என்று கூப்பிட்டார்கள்.

வாயால் மூச்சு விடும் பிள்ளைக்குக் கழுத்து தானாகவே முன்னால் நீளும். தலையைத் தள்ளினால்தான் காற்று தடையில்லாமல் இறங்கும், தலை போன பின் தோளும் சுருண்டு முதுகும் வளையும். இதெல்லாம் இப்போது தெரிகிறது. ஜப்பான்காரன் எங்கள் ஊரைப் பிடித்து ஆண்ட காலத்தில், எட்டு வயதில், எனக்குத் தெரிந்தது நிமிர்ந்து நின்றால் மூச்சு முட்டும் என்பது மட்டும்தான்.

பள்ளியில் தினமும் வெயிலில் வரிசையாக நிறுத்தி, கிழக்கே பார்த்து ஜப்பான் மன்னரை வணங்க வைத்து, "இச்சி, நி, சான்" என்று அவர்கள் மொழியில் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணி உடற்பயிற்சி செய்யச் சொல்வார்கள். எங்கள் வாத்தியார் தமிழர்தான். அவசரமாக ஜப்பான் மொழி படித்துவிட்டு வந்து, எங்களைவிட அதிகம் பயந்துகொண்டிருந்தவர். அதிகாரி பார்வையிட வந்தால் என் ஒருத்தியால் வரிசை கெட்டுவிடும் என்று, மூங்கில் குச்சியை என் முதுகில் வைத்து அழுத்தி வாயை மூடச் சொல்வார். மூடுவேன். எண்ணி முடிப்பதற்குள் கண் இருட்டும். ஒருநாள் விழுந்தே விட்டேன்.

அப்பாவை அழைத்து வரச் சொன்னார். அப்பா ஆஸ்பத்திரியில் "டிரெசர்". காயத்துக்குக் கட்டுப் போடுவார், ஊசி போடுவார், அக்கம்பக்கத்தார் அவரைப் பாதி டாக்டராகவே மதித்தார்கள். பிள்ளைக்கு மூச்சுக் கோளாறு என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், நாளையிலிருந்து என்னை நிழலில் உட்காரவிடுவார்கள் என்று நம்பி, அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிள்ளைக்கு ஏதும் நோயா என்று வாத்தியார் கேட்டார்.

"நோயெல்லாம் ஒன்னும் இல்ல சார். சோம்பேறித்தனம். ரெண்டு போடுங்க, நிமிந்துருவா."

அதன் பிறகு வாத்தியார் தயங்கவில்லை. வீட்டிலும் அதுவே என் பெயராயிற்று. அரிசி கிடைக்காமல் மரவள்ளிக்கிழங்கையே தின்ற அந்த நாட்களில், மென்றுகொண்டே மூச்சு விட முடியாமல் நான் பாதியில் எழுந்துபோனால் அதற்கும் "சோம்பேறி"தான். நானும் அதை நம்பினேன்.

சண்டை ஓய்ந்து பல ஆண்டுகள் கழித்து, பத்தொன்பது வயதில், ஒரு டாக்டர் என் மூக்குக்குப் பின்னால் வளர்ந்திருந்த சதையை எடுத்தார். மூச்சு சரியானது, முதுகு சரியாகவில்லை. சிறு வயதிலேயே எடுத்திருந்தால் எலும்பு நேராக வளர்ந்திருக்கும் என்றார் அவர்.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே சொன்னார்: "ஒனக்கு இந்த ஆப்பரேசனுக்கு அப்பவே நாள் குறிச்சாச்சு. மயக்க மருந்து ஒரு புள்ளைக்குத்தான் இருந்துச்சு. ஜப்பான்காரனோட மொழிபெயர்ப்பாளர் மவனுக்கு அத விட்டுக் குடுத்துட்டாரு ஒங்கப்பா. சயாம்ல ரயில் பாதை போட ஆள் புடிச்ச பட்டியல்ல ஒங்கப்பா பேரு இருந்துச்சு."

கைமாறாக அவர் பெயரை எடுத்துவிட்டார்கள். அப்பா எங்களோடு இருந்தார்.

அவரிடம் போனேன். மருந்தைப் பற்றிக் கேட்கவில்லை. "வாத்தியார்கிட்ட ஏன்ப்பா சோம்பேறின்னு சொன்னீங்க?" என்றேன்.

"நோயின்னு சொன்னா, டிரெசர் புள்ளைக்கு ஏன் வைத்தியம் பண்ணலன்னு கேப்பாங்க" என்றார்.

இப்போது அந்தப் பள்ளித் திடலில் கடைகள் எழுந்துவிட்டன; பலகை வீடுகளும் இல்லை. எங்கள் வரிசையிலிருந்து சயாமுக்குப் போன மூவரும் திரும்பவில்லை. அப்பா போயிருந்தால் நாலாவது ஆளாகியிருப்பார். சண்டைக்குப் பின் பிறந்த என் தம்பிகள் இருவரும் பிறந்திருக்கவே மாட்டார்கள். எனக்கு இது புரியாமல் இல்லை. ஆனாலும் அவர் இறந்த அன்று தம்பிகள் கதறியபோது எனக்கு அழுகை வரவில்லை. துக்கத்துக்கு வந்தவர்கள், அப்பா போன வேதனையில் இந்தப் பெண் கூனிப்போய்விட்டாள் என்று பேசிக்கொண்டார்கள்.