ஏழாவது பாட்டின் தாளம்

இதை நம்பாதவர்கள் இருப்பார்கள். இருக்கட்டும். எட்வர்டும் அவன் மனைவி மெர்சியும் இன்றும் கும்மிடிப்பூண்டியில்தான் இருக்கிறார்கள். நேரில் போய்க் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள்.

2007 மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. இருவரும் சேர்ந்து போடும் முதல் ஆல்பத்தில் ஆறு பாட்டு முடிந்திருந்தது. எல்லாமே இருட்டும் ஏக்கமுமான பாட்டுகள். கீபோர்டு மாதிரியான ஒரு பழைய அனலாக் சிந்தசைசரை வாசித்துக்கொண்டே அவன் பாடுவான். எழுதுவதும் பதிவு செய்வதும் அவள்.

ஏழாவது பாட்டுக்கு, மூடிக் கிடந்த ஓர் இறால் கம்பெனியின் குளிர் அறை கிடைத்தது. தடித்த சுவர். வெளிச்சத்தம் துளியும் நுழையாது. கூலிங் மிஷினை என்றைக்கோ கழற்றி விற்றிருந்தார்கள். ஒரே குறை, கதவை வெளியிலிருந்துதான் திறக்க முடியும்.

எட்வர்ட் சிந்தசைசரோடு உள்ளே போனான்; மெர்சி கேசட் ரெக்கார்டரோடு வெளியே உட்கார்ந்தாள். மைக் ஒயர் மட்டும் சுவர் ஓட்டை வழியாக உள்ளே போனது.

"யோவ், சத்தம் நின்னாதான் தொறப்பேன். உள்ளாறயே தூங்கிடாத."

"நீ மொதல்ல ஹெட்போன மாட்டுடி."

மணி 3.10. கதவு மூடியது.

நாலு நிமிடத்தில் பாட்டு முடிந்தது. கையை எடுத்துவிட்டுக் காத்திருந்தான்.

கதவு திறக்கவில்லை.

ஒரு கட்டையை அழுத்திப் பார்த்தான். சுருதி நகர்ந்திருந்தது. குளிர் பட்டால் அந்தப் பழைய சிந்தசைசர் அப்படித்தான் செய்யும். ஆனால் வெளியே கத்திரி வெயில்...

அவன் மூச்சு புகையாக வந்தது.

"மெர்சி... போதும், தொற!"

மைக்கில் கத்தினான். இரண்டு கையாலும் கதவை அடித்தான். 3.21. 3.30. விரல்கள் மரத்துப்போயின. அடிப்பதை நிறுத்தினான்.

டொக்... டொக்... டொக்...

கதவில்தான், உள்பக்கம்.

அவன் முழங்காலுக்குக் கீழே.

3.40. கேசட் தீர்ந்தது. கதவு திறந்தது.

"சூப்பரா தாளம் போட்டய்யா! அதான் நிறுத்தவேயில்ல நானு..." அவன் உதடு நீலம் பாரித்திருந்ததைப் பார்த்ததும் மெர்சியின் சிரிப்பு நின்றது.

கேசட்டைப் போட்டுக் கேட்டார்கள். பாட்டு முடிந்த பிறகு அவன் கத்தியது இல்லை. கதவை அடித்தது இல்லை. கடைசி வரை பிசகாத ஒரே தாளம்.

டொக்... டொக்...

வாட்ச்மேன் மணவாளன் அதைக் கேட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஆறு வருஷம் ஆவுது நைனா. குப்புராஜுன்னு லோடுமேன். உள்ள மாட்டிக்கினான். கதவாண்ட குந்திகினு தட்டிக்கினே இருந்துக்கிறான். வெளிய ரெண்டு பேருக்குக் கேட்டுதாம்."

"அப்புறம் ஏன் தொறக்கல?"

"மிஷின் ஓடுற சத்தம்னு நெனச்சிட்டாங்க."

அந்த அரை மணி நேரமும் மெர்சி அந்தத் தாளத்துக்குத் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.