இரண்டாவது பல்புக்குப் பதினான்கு ரூபாய் ஐம்பது நயா பைசா

போன வாரம் ஒரு கடிதத்தைப் படித்து முடித்தேன்.

எனக்கு வந்த கடிதம்தான். வந்து அறுபது வருடத்துக்கு மேல் ஆகிறது.

(தபால்காரரைத் திட்டாதீர்கள். எனக்கு எழுத்து தெரிந்தே எட்டு மாதம்தான் ஆகிறது.)

எண்பத்து நான்கு வயதில் வடக்குத்து கிராமத்தில் நடக்கும் மாலை வகுப்பில் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். பஸ் பலகையை நானே படித்து ஏறிய அன்று, சந்தோஷத்தில் இறங்க மறந்து குறிஞ்சிப்பாடி வரை போய்விட்டேன்.

இதைப் போனில் ஒற்றை விரலால் தட்டி முடிக்க நான்கு நாள் ஆனது. தட்டத் தட்ட இனிக்கிறது. சொல்லப் போகும் விஷயம் அப்படி இல்லை.

நெய்வேலியில் முதல் சுரங்கத்தில் வேலை சூடுபிடித்திருந்த காலம். நான் காண்ட்ராக்டில் மண் அள்ளி, பெர்மனென்ட் ஆகி, குவார்ட்டர்ஸ் கிடைத்த புதிது. என் மனைவி அஞ்சலைக்கு ஏழாவது மாதம்.

எங்கள் குளியலறையும் பக்கத்து வீட்டுக் குளியலறையும் முதுகோடு முதுகாக ஒட்டியிருந்தன. நடுச்சுவரின் உச்சியில் ஓர் ஓட்டை. அந்த ஓட்டையில் ஒரே பல்பு.

பாதி வெளிச்சம் எங்களுக்கு, பாதி அவர்களுக்கு. சுவிட்ச் மட்டும் முழுதாக அவர்கள் பக்கம்.

பக்கத்து வீட்டுக்காரர் திருநெல்வேலிப் பக்கம். எல்லோருக்கும் அண்ணாச்சி. ஸ்டோர்ஸில் வேலை. எங்கள் வரிசையில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். குளித்து முடித்ததும் கை தானாகப் போய் விளக்கை அணைத்துவிடும்.

அஞ்சலை உள்ளேயிருந்து குரல் கொடுப்பாள். "அண்ணே, நான் குளிச்சிக்கினு இருக்கேன்."

"தெரியலம்மா, இந்தா போட்டுட்டேன்."

ஒரு நாள் கண்ணில் சீயக்காயோடு மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறாள். அவர் காதில் விழவில்லை. நான் சண்டைக்குப் போனேன்.

"அந்த பல்பு இன்னா, உங்க மாமியார் வூட்டு சீதனமா?"

"சீதனம்னா ஜோடியால்லா குடுத்திருப்பாவ? இது ஒத்தையா தொங்குதே."

வரிசையே சிரித்தது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அன்றோடு பேச்சு நின்றது.

மறுநாளே மெயின்டெனன்ஸ் ஆபீசுக்குப் போனேன். வயர்மேன் ஒருவர் மனு எழுதினார், நான் கைநாட்டு வைத்தேன்.

"தனி லைன், தனி ஹோல்டர், தனி சுவிட்ச். இருபது ரூபாய்க்குள்ள முடிஞ்சிரும். ஆபீஸ்லேர்ந்து கடுதாசி வரும், இரு" என்றார்.

அன்றைக்கு அது பெரிய பணம். கடன் வாங்காமல் இருபது ரூபாய் சேர்த்து டப்பாவில் வைத்தேன்.

கடிதம் வந்தது. கீழே ஊதா நிறத்தில் சீல்.

சீல் விழுந்தால் காரியம் முடிந்தது என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. நாங்கள் பார்த்த ரேஷன் கார்டிலும் வேலைச் சீட்டிலும் சீல் இருந்தால்தான் மதிப்பு. கடிதத்தின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி முருகன் படத்துக்குப் பின்னால் சொருகினேன்.

கடிதம் வந்ததை வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அண்ணாச்சி பார்த்திருந்தார். அவர்தான் முதலில் வாய் திறந்தார்.

"என்ன கடுதாசி வே? தாரும், படிச்சுச் சொல்லுதேன்."

"எங்க வூட்டுக் கடுதாசிய நாங்களே பாத்துக்குவோம்."

அவர் உள்ளே போய்விட்டார்.

அஞ்சலைக்கு மனசு கேட்கவில்லை. "அவரே கேக்கறாரு, குடுத்தா இன்னா கொறஞ்சிடும்?"

"சீல் குத்திட்டான். ஆளுங்க வருவாங்க. நீ சும்மா இரு."

தினமும் ஷிப்ட் முடிந்து வந்ததும் கேட்பேன். "வயர்மேன் வந்தானா?"

"காக்காதான் வந்துச்சு."

மூன்று வாரம் இப்படியே போனது.

ஒரு விடியற்காலை, வெளிச்சம் வருவதற்கு முன், அஞ்சலை குளிக்கப் போனாள். அந்தப் பக்கம் அண்ணாச்சி குளித்து முடித்து விளக்கை அணைத்தார். இருட்டில் ஈரக் கல்லில் கால் வைத்து விழுந்தாள்.

சத்தம் கேட்டு முதலில் ஓடி வந்தவர் அண்ணாச்சி. ஈர வேட்டியோடு போய் வண்டி பிடித்து வந்ததும் அவர்தான்.

அஞ்சலை பிழைத்தாள். பெண் குழந்தை. அது அழவே இல்லை.

டப்பாவில் இருந்த இருபது ரூபாயில் குழந்தையைப் புதைத்தோம்.

ஆஸ்பத்திரி வாசலில் நின்று எல்லோரிடமும் சொன்னேன். "வேணும்னே அணைச்சான். பழசை மனசுல வச்சிக்கினு அணைச்சான்."

எங்கள் வரிசை முழுக்க நம்பியது. அடுத்த மாதம் அண்ணாச்சி தன் மகளுக்குக் காது குத்தினார். ஒருவர்கூடப் போகவில்லை. பந்தியில் போட்ட இலைகள் காய்ந்து கிடந்ததை நான் வேலி ஓரம் நின்று பார்த்தேன். கொஞ்ச நாளில் அவர் வேறு பிளாக்குக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டார்.

ஆபீசையும் திட்டினேன். சீல் வைத்தும் ஆள் அனுப்பவில்லை என்று எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

அதன் பிறகு எங்களுக்கு இரண்டு பையன்கள் பிறந்தார்கள். அஞ்சலை போய் மூன்று வருடம் ஆகிறது. போன வாரம் அவள் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். புடவைகளுக்கு அடியில் அந்தக் கடிதம் இருந்தது, மூலையில் மஞ்சள் கறையோடு.

எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்தேன். நான் படித்த முதல் கடிதம். பாதி வரை சந்தோஷமாகத்தான் இருந்தது.

தனி விளக்குக்கான மதிப்பீடு பதினான்கு ரூபாய் ஐம்பது நயா பைசா. கடிதம் கிடைத்த ஏழு நாட்களுக்குள் ஆபீசில் கட்ட வேண்டும். கட்டிய மறுநாள் வேலை செய்து தரப்படும். கட்டத் தவறினால் மனு தள்ளுபடி.

டப்பாவில் இருபது இருந்தது.

இதைப் படிப்பவர்களில் யாராவது அந்த அண்ணாச்சியின் பிள்ளைகளா? அல்லது அவர்களைத் தெரிந்தவர்களா? காது குத்திய அந்தப் பெண்ணுக்கு இப்போது அறுபதுக்கு மேல் இருக்கும்.

அம்மா, உன் அப்பா வேண்டுமென்று அணைக்கவில்லை. உள்ளே ஆள் இருப்பது அவருக்குத் தெரியாது. அஞ்சலை அன்று குரல் கொடுக்கவில்லை.

அந்த ஆளை இனி அண்ணே என்று கூப்பிட்டால் இந்த வீட்டில் இருக்காதே என்று, முந்தின நாள்தான் நான் அவளிடம் சொல்லியிருந்தேன்.