பிடோக் கரையில் கல் தூக்கியவர்

பிடோக் கடலோரத்தில் மளிகைக்கடை வைத்திருந்த அந்தத் தமிழ் முஸ்லிம் பெரியவரை அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரே ஒரு முறைதான் பார்த்தேன். ஒல்லியான உடம்பு, முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிய கைலி. கடைக்குப் பின்னால் இருந்த பழைய மலாய் இடுகாட்டைக் கடல் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துக்கொண்டிருந்தது. அன்று அலையில் ஒரு கல்லறைக்கல் சாய்ந்திருந்தது; அவர் அதற்கு சலாம் சொல்லிவிட்டு, மேட்டில் கொண்டுபோய் நடுவதற்காகத் தூக்கினார்.

நான் கல்லூரி இதழுக்காக அந்த இடத்தை வரையப் போயிருந்தேன்.

“பாய், கல்ல நகத்தாதீங்க. அது இருந்த இடம்தான் சரித்திரம்,” என்றேன்.

“சரித்திரத்துக்கு நீச்சல் தெரியுமா தம்பி?” என்று சிரித்தார். “எம் பொஞ்சாதி இந்த மலாய்க் கம்பத்துக்காரி, இதே கிராமத்துல பொறந்தவ. இது அவ பாட்டி கல்லு. அடுத்த வரிசையில அவளே இருக்கா. தண்ணி அங்க வர்றதுக்குள்ள அவ கல்லையாவது மேல ஏத்திடணும்.”

பிறகு, “உங்க ஆளுங்கள எல்லாம் எங்க அடக்கம் பண்ணியிருக்கு?” என்று கேட்டார்.

“எல்லாம் திருச்சிப் பக்கம். இங்க யாரும் இல்ல.”

“அங்க கடல் வராதுல்ல? நீங்க கொடுத்து வச்சவரு லா.”

சிராங்கூனில் இருந்த வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் எனக்கு அவர்மேல் பொறாமையாக இருந்தது. நான் பிறந்ததே இந்த ஊரில்தான். ஆனால் கடல் எவ்வளவு ஏறி வந்தாலும், ஓடிப்போய்த் தூக்க எனக்கு இங்கே ஒரு கல்கூட இல்லை. அதைப் போய் அவர் அதிர்ஷ்டம் என்கிறார்.