நாள் குறித்த ஜெபம்

தங்கச்செல்வி பரளச்சியில் எங்கள் அடுத்த வீட்டுப் பிள்ளை. வயது இருபத்திரண்டு. விடிந்ததும் கம்பெனி வேன் ஏறி அருப்புக்கோட்டைக்குச் சட்டை தைக்கப் போவாள். அவள் அப்பன் இன்பராஜ் காலத்திலேயே அவர்கள் கிறிஸ்தவ வேதத்துக்குப் போய்விட்டார்கள். வேனில் பக்கத்தில் இருப்பவளுக்குத் தலைவலி என்றால்கூட, "ஒங்களுக்கு ஜெபம் பண்ணட்டுமாக்கா?" என்று கேட்பாள். "மொதல்ல தைலம் இருந்தாக் குடுடி" என்று சிரிப்பார்கள். தைலமும் வைத்திருப்பாள்.

என் மகன் ராஜபாண்டி நாக்பூர் பக்கம் முறுக்குக் கம்பெனி வேலைக்குப் போனவன். பொங்கலுக்கு வாரேன் என்றான். வரவில்லை. போனும் அணைந்து கிடந்தது. கம்பெனிக்காரரைக் கேட்டால், அவன் அப்போதே ஊருக்குக் கிளம்பிவிட்டானே என்கிறார். போலீசில் எழுதிக் கொடுத்தோம். கருப்பசாமிக்குக் கிடா நேர்ந்தேன்.

மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கச்செல்வி தன் சபைப் பிள்ளைகள் நாலு பேரைக் கூட்டி வந்தாள். எல்லாம் இளவட்டம். வாசலில் முட்டிபோட்டு என் மகனுக்காக அழுது ஜெபித்தார்கள். அவர்களில் சதீஸ்குமார் என்ற பையன் எழுந்து, "அப்பத்தா, விசுவாசமா இருங்க. மூணு நாளைல ஒங்க மகன் இந்த வாசலுக்கு வந்துருவாரு" என்றான். மற்றவர்கள் ஆமென் என்றார்கள்.

நான் நம்பிவிட்டேன். வேறு எதை நம்ப? மூன்றாம் நாள் கருவாட்டுக் குழம்பு வைத்துவிட்டு பஸ் ஸ்டாப்பில் போய் உட்கார்ந்தேன். ஒவ்வொரு பஸ்ஸிலும் இறங்கியவர்களின் காலையே பார்த்தேன். என் மகனுக்கு இடது கால் கொஞ்சம் சாய்ந்து விழும். பொழுது சாய்ந்ததுதான் மிச்சம். மருமகள் பாண்டீஸ்வரி வந்து கையைப் பிடித்து இழுத்துப் போனாள். குழம்பை யாரும் தொடவில்லை.

அதன் பிறகு அந்தப் பிள்ளைகள் எங்கள் தெருப்பக்கமே வரவில்லை. தங்கச்செல்வி மட்டும் நாலாம் நாள் வேலைக்குப் போகாமல் வந்து நின்றாள்.

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுடி வந்த?"

"மன்னிச்சிருங்க அப்பத்தா. வருவாரா மாட்டாரான்னு எனக்குத் தெரியாது. அவன் சொன்னப்ப நானும் ஆமென்னு சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது."

"ஒங்க சாமிக்காவது தெரியுமா?"

"தெரியும். எங்கிட்டச் சொல்லல."

"பெறகு எதுக்குடி அவரக் கும்புடுற?"

அழுதாள். நான் கதவைச் சாத்தினேன். மறுநாளும் வந்தாள். நான் பிடிவாதக்காரிதான், அவள் எனக்கு மேலே.

அதிலிருந்து தினமும் வேலை விட்டு வந்ததும் எங்கள் வீட்டில் உட்கார்ந்து என் மகன் நம்பருக்குப் போட்டுக் காதில் வைப்பாள். இல்லையென்று தலையை ஆட்டுவாள். நாக்பூரில் தமிழ்ச் சபை ஒன்றைத் தேடிப் பிடித்து அவன் போட்டோவை அனுப்பினாள். அவர்களும் ஆஸ்பத்திரி, ரயிலடி எல்லாம் போய்ப் பார்த்தார்கள். இல்லை. ஜெபம் என்ற பேச்சை மட்டும் என்னிடம் அவள் எடுக்கவே இல்லை.

ஆவணியில் ஒரு நாள், "மணி அடிக்குது அப்பத்தா!" என்றாள். "எய்யா ராசா!" என்று கத்தினேன். எவனோ இந்தியில் பேசினான். தங்கச்செல்வி தெரிந்த நாலு வார்த்தையை வைத்துக் கேட்டாள். பிறகு போனை மடியில் வைத்தாள்.

"ரொம்ப நாளா ரீசார்ஜ் பண்ணாத நம்பர வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க. இது இப்ப இவரு நம்பராம்."

இனிப் போட்டுப் பார்க்க அந்த நம்பரும் இல்லை. பாண்டீஸ்வரி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். நான்தான் வாயைத் திறந்தேன்.

"ஜெபம் பண்ணு தாயி. ஆனா நாள் குறிக்காத."

முட்டிபோட்டாள். வெகுநேரம் ராஜபாண்டி, ராஜபாண்டி என்று பெயரைத்தான் சொன்னாள். கடைசியில் ஆமென் சொல்ல வாயெடுத்தவளின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"முடிக்காத. இன்னுங் கொஞ்சம் கேளு."