அக்காவின் அளவுகள்

அக்காவுக்குப் பிரான்ஸில் மாப்பிள்ளை சரிவந்தபோது அவர் தொலைபேசியில் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: அவளுடைய உடுப்பு சைஸ். குளிருக்கான கோட்டை அவர் பாரிஸில் வாங்குவாராம். கலியாணப் பதிவுக்கு உடுக்கும் சட்டையை ஜேர்மனியில் இருக்கும் அவருடைய தங்கை வாங்குவாராம். சப்பாத்து லண்டனில் இருக்கும் தமையனின் பொறுப்பாம்.

"நீதானே கார்மென்டில வேலை செய்யிறாய், நீயே எழுதி அனுப்பிவிடு" என்று அக்கா என்னிடம் சொன்னாள்.

யுத்தம் எங்களை யாழ்ப்பாணத்திலிருந்து கிளப்பி, கொழும்பில், வெள்ளவத்தையில் கடலுக்குப் போகும் ஒழுங்கை ஒன்றில், ஓர் அன்ரி வீட்டின் பின்னறையில் கொண்டுவந்து விட்டிருந்தது. நான் இரத்மலானையில் ஓர் ஆடைத் தொழிற்சாலைக்குப் போய்வந்தேன். லேபல் பிரித்துக் கொடுப்பது என் வேலை. ஒரே துணி, ஒரே பெண் தைத்த காற்சட்டை. அது இங்கிலாந்துக்குப் போனால் 10, அமெரிக்காவுக்குப் போனால் 6. ஜேர்மனியில் 36, பிரான்ஸில் 38, இத்தாலியில் 42. வேலைக்குச் சேர்ந்த புதிதில் பிரான்ஸுக்குப் போகவேண்டிய பெட்டிகளுக்கு ஜேர்மன் லேபலைக் கொடுத்துவிட்டு, எல்லோர் முன்னிலையிலும் ஏச்சு வாங்கினேன். அன்றிலிருந்து எந்த நாட்டு எண்ணையும் நான் நம்புவதில்லை. முதலில் உடம்பைச் சென்ரிமீற்றரில் அளந்து எழுதுவேன். பிறகுதான் பக்கத்தில் நாடுகளின் எண்கள்.

அக்காவையும் அப்படித்தான் அளந்தேன். கதவைப் பூட்டச் சொன்னாள். கூச்சத்தில் நெளிந்து சிரித்தாள். "சத்தமாச் சொல்லாதை, அன்ரிக்குக் கேக்கும்" என்றாள். நெஞ்சு, இடுப்பு, இடுப்புக்குக் கீழே என்று மூன்று அளவுகளையும் ஒரு தாளில் எழுதினேன். கீழே ஜே 38, பி 40. சப்பாத்துக்கு இ 5. லண்டனில் கிடைக்காவிட்டால் பாரிஸிலேயே வாங்கட்டும் என்று அதற்கும் பி 38 என்று எழுதினேன். இடம் மிச்சம் பிடிக்க நாடுகளின் முதலெழுத்தை மட்டும் போட்டேன். அது என் பிழை என்று பிறகு பலர் சொன்னார்கள். என் பிழை இல்லை.

சனிக்கிழமை அரைநாள் வேலை. மத்தியானம் பஸ்ஸில் வந்து, காலி வீதியில் ஒரு கொமியூனிகேஷன் கடையில் அந்தத் தாளைப் பாரிஸுக்கு ஃபக்ஸ் பண்ணுவதாக இருந்தேன். வெள்ளவத்தைக்கு முந்திய சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். என் அடையாள அட்டையில் பிறந்த இடத்தைப் பார்த்ததும் பையைக் கவிழ்த்தார்கள். தாள் விழுந்தது.

"மேக்க மொக்கத்த?" என்று கேட்டான் பொலிஸ்காரன். இது என்ன என்று. உடுப்பு சைஸ் என்றேன். அவன் என்னை ஜீப்பில் ஏற்றினான்.

பொலிஸ் நிலையத்தில் இன்ஸ்பெக்டர் தாளை மேசையில் விரித்து, 38க்குக் கீழே சிவப்புப் பேனாவால் இரண்டு கோடு இழுத்தார். முப்பத்தெட்டு றிவோல்வர் யாருக்குப் போகிறது என்று கேட்டார். நான் எனக்குத் தெரிந்த சிங்களம் முழுவதையும் திரட்டி விளக்கினேன். ஒரு 38 ஜேர்மன் சட்டை, மற்ற 38 பிரெஞ்சுச் சப்பாத்து என்றேன். ஒரே எண் எப்படிச் சட்டையும் சப்பாத்தும் ஆகும் என்று கேட்டார். தொழிற்சாலை அட்டையைக் காட்டினேன். அட்டையை யாரும் அடிக்கலாம் என்றார்.

பிறகு, அளந்து பார்த்தால் தெரிந்துவிடும் என்று சொல்லிவிட்டு, பக்கத்துத் தையல் கடையிலிருந்து அளவு நாடா எடுப்பித்தார். என் வயதுப் பெண் பொலிஸ் ஒருத்தி, மேசைகளில் இருந்த ஐந்து ஆண்களுக்கு முன்னால் என்னை அளந்தாள். எண்ணை உரத்துச் சொன்னாள். தாளில் இருந்ததோடு ஒன்றும் பொருந்தவில்லை. அது அக்காவின் அளவு, என்னுடையது இல்லை என்று நான் முதலிலேயே சொல்லியிருந்தேன். யார் கேட்டது? பொய் சொல்கிறாள் என்று ஒருவர் எழுதத் தொடங்கினார்.

அக்காவைக் கூட்டிவர ஜீப் போனது.

அவள் வீட்டுச் சட்டையோடு வந்தாள். உடுப்பு மாற்றவும் விடவில்லையாம். அவளைச் சுவரோடு நிறுத்தி அளந்தார்கள். அதுவும் பொருந்தவில்லை. அந்தப் பெண் நாடாவின் அங்குலப் பக்கத்தைப் பார்த்து வாசிக்கிறாள் என்பதை அப்போதுதான் கண்டேன். என்னை அளந்தபோது வெட்கத்தில் எண் ஒன்றும் என் காதில் ஏறவில்லை. தாளில் இருந்ததோ சென்ரிமீற்றர். நாடாவைத் திருப்பிப் பிடியுங்கள் என்று கத்தினேன்.

இன்ஸ்பெக்டர் கதிரையில் சாய்ந்தார். "அப்படியென்றால் நீயே அள" என்றார் சிங்களத்தில்.

நான் அளந்தேன். அந்த ஐந்து பேருக்கும் கேட்கும்படி, என் கையால், என் வாயால், அக்காவின் ஒவ்வோர் அளவையும் சிங்களத்தில் சொன்னேன். ஒருவர் தாளோடு சரிபார்த்துச் சரி போட்டார். அக்கா என்னைப் பார்க்கவில்லை. சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மூன்றும் பொருந்தியதும் அவர்கள் சிரித்தார்கள். ஒருவர் மாப்பிள்ளை அதிர்ஷ்டக்காரன் என்றார். இன்ஸ்பெக்டர் தாளைத் திருப்பித் தந்து, இனிமேல் இப்படி எழுதித் திரியாதே என்று புத்தி சொன்னார்.

"பொஹொம ஸ்தூதி, சேர்" என்றேன் நான். மிகவும் நன்றி, சேர். அப்படித்தான் சொன்னேன்.

வீட்டு வாசலில் அன்ரி காத்திருந்தார். "நல்ல காலம், அதோட விட்டிட்டாங்கள். கடவுளுக்கு நன்றி சொல்லுங்கோ பிள்ளையள்" என்றார். அக்கா ஓம் என்று தலையாட்டினாள். எனக்கு அவள் மேலும் கோபம் வந்தது. அறைக்குள் போனதும் அவள் என் கையிலிருந்து தாளை வாங்கி, மிகச் சிறிய துண்டுகளாகக் கிழித்தாள். நான் மன்னிப்புக் கேட்டேன். "நீ என்ன செய்தனி" என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த கிழமை மாப்பிள்ளை தொலைபேசி எடுத்தார். அக்கா தன் அளவை யாருக்கும் தரப்போவதில்லை என்றாள். காரணம் சொல்லவில்லை. ஒரு சைஸ் சொல்வதில் என்ன வந்தது, இதற்கே இவ்வளவு பிடிவாதம் என்றால் பிறகு எப்படி என்று அவர் கேட்டது பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது. நான் றிசீவரைப் பறித்து நடந்ததை அப்படியே சொன்னேன். பிறகு அவர், "அக்காட்டக் குடுங்கோ" என்றார். அவளிடம் என்ன கதைத்தாரோ தெரியாது. அளவைப் பற்றி அதற்குப் பிறகு கேட்கவில்லை. குத்துமதிப்பாக வாங்கிய கோட் வந்தது. தோள் இறங்கி, கை விரல் நுனியையும் மூடியது. அதைப் போட்டுக்கொண்டுதான் அவள் விமானம் ஏறினாள்.

பல வருடங்களுக்குப் பிறகு நான் அவளிடம் பாரிஸுக்குப் போனபோது ஒரு கடைக்குக் கூட்டிப் போனாள். விற்பனைப் பெண் நாடாவோடு கிட்ட வந்ததும், அக்கா வேண்டாம் என்று கையைக் காட்டி, ஒரே சட்டையில் மூன்று சைஸை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் வெளியே நின்றேன். அந்த இன்ஸ்பெக்டரின் முகம் எனக்கு மறந்துபோய்விட்டது. அந்தப் பெண் பொலிஸின் விரல்கள் மறக்கவில்லை. இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, கடைசியில் விட்டுவிட்டார்கள்தானே என்று இன்றைக்கும் சிலர் சொல்கிறார்கள். அவர்களோடு நான் பிறகு கதைப்பதில்லை.